4 வயசு, 7 வயசு, பாட்டி: மூணு பேரும் சேர்ந்து ஆட என்ன பலகை விளையாட்டு?

தண்டையார்பேட்டை_கீழ்வீடு கேட்டது:

வணக்கம். பையனுக்கு 4 வயசு, பொண்ணுக்கு 7 (ரெண்டாம் வகுப்பு), கூட மாமியார். ஹால் 10-க்கு 10 அடி, அதுல பாதி கட்டில். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் டிவி, போன் இல்லாம மூணு பேரும் சேர்ந்து உட்கார ஏதாவது வேணும். அப்படியே எண்ணும் தமிழ் எழுத்தும் கொஞ்சம் ஏறினா நல்லது.

1. சின்னவனும் பெரியவளும் ஒரே ஆட்டம் ஆட முடியுமா, தனித்தனியா வேணுமா?
2. 'எஜுகேஷனல்'னு போட்டு 600, 800 ரூபாய்க்கு விக்கிற பெட்டி எல்லாம் ஒரு வாரத்துல பரணுக்குப் போயிடுதே, ஏன்?
3. தோத்தா சின்னவன் பலகையையே கவிழ்த்துடறான். என்ன பண்றது?
4. வீட்டுலயே செய்யலாம்னா எந்த அட்டை, எந்தப் பசை? போன வருஷம் ஒட்டினது மழைக்காலத்துல அப்பளம் மாதிரி வளைஞ்சிடுச்சு.

செலவு 1,000 ரூபாய்க்குள்ள இருக்கணும்.

---

வியாசர்பாடி_பால்வாடி:

சிஸ்டர், உங்க ரெண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெட்டி மேல போட்டிருக்கிற வயசையும் படத்தையும் விடுங்க. தன் முறை வரும்போது பிள்ளை கையால என்ன செய்யுதுன்னு மட்டும் பாருங்க. பேட்டரி போட்ட கேள்வி-பதில் பலகையில் அது செய்யறது பட்டனை அமுக்கறது. எந்தப் பட்டனுக்குப் பாட்டு வரும்னு ரெண்டு நாள்ல மனப்பாடம் ஆயிடும், மூணாவது நாள் அதுல என்ன இருக்கு? எடுக்கறது, எண்ணறது, நகர்த்தறது, இதா அதான்னு முடிவு பண்றது, இந்த நாலுல குறைஞ்சது ரெண்டு ஒவ்வொரு முறையும் நடக்கணும். நடந்தா, ஒரு சார்ட்டும் நாலு சோடா மூடியும் போதும்.

4 வயசுக்கு முதல்ல வேண்டியது நேர்கோட்டுப் பாதை. 1-லிருந்து 10 வரைக்கும் பத்தே கட்டம், ஒரே வரிசை, இடமிருந்து வலம். வட்டமா வேண்டாம், வளைஞ்சு திரும்பவும் வேண்டாம். அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ராமணியும் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பத்தினதுதான். வசதி குறைஞ்ச வீட்டுப் பிள்ளைங்க இந்தப் பத்துக் கட்டத்தை 15, 20 நிமிஷமா நாலு தடவை ஆடினதுலயே எது பெரிய எண், எது எங்க இருக்கும்ங்கற புரிதல் கூடிச்சு. எண்ணுக்குப் பதிலா வெறும் கலர் போட்ட பலகையில் ஆடின பிள்ளைங்களுக்கு அந்த முன்னேற்றம் வரல. வட்டப் பலகையிலும் அவ்வளவா பலன் இல்லைன்னு பிறகு பார்த்தாங்க.

செய்யறது சுலபம். சார்ட் பேப்பர் நீளம் 28 அங்குலம். 2.5 அங்குலமா பத்துக் கட்டம் போட்டா 25, மீதி 3 அங்குலம் 'புறப்படற இடம்'. ரெண்டு காய் பக்கத்துல பக்கத்துல நிக்கற அளவு கட்டம் இருக்கணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா சண்டைதான். பகடையில் 6 வரைக்கும் வேண்டாம், ஆட்டம் மூணு உருட்டுல முடிஞ்சிடும். சாதாப் பகடை மேல ஸ்டிக்கர் ஒட்டி மூணு பக்கம் 1, மூணு பக்கம் 2-ன்னு எழுதிடுங்க.

இப்போ பிள்ளை எங்க தப்பு பண்ணும்னு சொல்றேன், கவனமா பாருங்க. காய் 4-ல் நிக்குது, பகடையில் 2. பிள்ளை நிக்கிற கட்டத்தையே தொட்டு "ஒண்ணு"ங்கும், அடுத்ததைத் தொட்டு "ரெண்டு"ங்கும், 5-ல் நிறுத்திடும். நாம "தப்பு, 6-க்குப் போ"ன்னு சொன்னா அதுக்கு ஏன்னே புரியாது. "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ண விடாதீங்க. காய் தாவற கட்டத்துல எழுதியிருக்கிற எண்ணைச் சொல்லச் சொல்லுங்க: "அஞ்சு, ஆறு". அவ்வளவுதான். இப்படிச் சொல்லி ஆடும்போதுதான் எண் மண்டையில் உட்காருது. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினா விரல் நகருதே தவிர, கட்டத்துல இருக்கிற எண்ணைக் கண் பார்க்கறதே இல்ல.

இது சரளமா வந்த பிறகு பரமபதம். அதுல ஒரு கோளாறு, முதல் வரிசை வலப்பக்கம் போனா அடுத்தது இடப்பக்கம் திரும்பும். 10-லிருந்து 11-க்கு மேல ஏறாம பிள்ளை திரும்ப 1 பக்கமே ஓடும். வரிசை முடியற ஒவ்வொரு இடத்துலயும் சிவப்பு மார்க்கர்ல ஒரு அம்பு போட்டுட்டா சரி. பாம்பு நிறைய இருக்கிற பலகை வேண்டாம். 90-க்கு மேல நிக்கிற நீளப் பாம்பு ரெண்டை வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிடுங்க, ஆட்டம் கால் மணி நேரத்துல முடியும்.

பொண்ணுக்கும் பாட்டிக்கும் பல்லாங்குழி. மாமியாருக்கு விதி சொல்லித் தரத் தேவையிருக்காது, உங்களுக்காக எழுதறேன்: ஆளுக்கு 7 குழி, குழிக்கு 5 காய், மொத்தம் 70. உங்க பக்கத்துக் குழி ஒண்ணை அள்ளி, குழிக்கு ஒண்ணா போட்டுக்கிட்டே போங்க. கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்க. அடுத்த குழி வெறுமையா இருந்தா அதைத் தடவிட்டு அதுக்கு அடுத்த குழியில் இருக்கிறது உங்களுக்கு, முறை முடிஞ்சுது. தொடர்ந்து ரெண்டு குழி வெறுமைன்னா ஒண்ணும் கிடையாது. போடும்போது ஒரு குழியில் சரியா 4 சேர்ந்தா அது பசு, குழி யார் பக்கமோ அவங்க எடுத்துக்கணும். ஊருக்கு ஊர் விதி மாறும், பாட்டி சொல்றதே சட்டம்.

சின்னவனையும் இதுல சேர்க்கலாம். ஆனா காய் எண்ணிக்கையைக் குறைக்கும்போது எல்லாரும் ஒரு தப்பு பண்றாங்க, குழிக்கு 3 போடறாங்க. ஒரு குழியை அள்ளிப் போட்டதுமே அடுத்த மூணு குழியிலும் 3 நாலாகி மூணு பசு விழுந்துடும், ஆட்டமே கெட்டுடும். ஆளுக்கு 4 குழி, குழிக்கு 2 காய் போடுங்க, மொத்தம் 16. உங்க முதல் குழியிலிருந்து அள்ளி ஓட்டிப் பாருங்க: கடைசியில் மூணு பசு விழும், ஒண்ணு உங்களுக்கு, ரெண்டு எதிராளிக்கு. ஆரம்பிச்சவன் நீங்க, லாபம் அவங்களுக்கு. 7 வயசுப் பொண்ணுக்கு இதைக் காட்டினா, வேற எந்தக் குழியில் ஆரம்பிச்சா நமக்கு வரும்னு தானே தேட ஆரம்பிக்கும். சின்னவனுக்கு வேற வேலை: பசு விழுந்தா "பசு!"ன்னு கத்தறது அவன் பொறுப்பு. நாலை எண்ணாம பார்த்த உடனே நாலுன்னு சொல்ற பழக்கம் அதுலயே வந்துடும்.

பலகை வாங்கணும்னு இல்ல. 30 முட்டை அட்டை 6-க்கு 5. ரெண்டு வரிசை வெட்டினா 12 குழிப் பலகை ஒண்ணு, ஒரே அட்டையில் ரெண்டு பலகை தேறும். குழி ஏழுக்குப் பதில் ஆறு, அவ்வளவுதான் வித்தியாசம். மளிகைக் கடை காகித அட்டையில் முட்டை உடைஞ்ச கறை இருந்தா தொடாதீங்க, கழுவ முடிஞ்ச பிளாஸ்டிக் தட்டு நல்லது.

---

ராயபுரம்_பழம்:

பாட்டி இருக்கும்போது தாயம் சொல்லாம விட்டுட்டீங்களே! 5-க்கு 5 கட்டம் சாக்பீஸால தரையில போட்டா செலவே கிடையாது. நாலு ஓரத்துல நடுக்கட்டம், அப்புறம் நட்டநடு, இந்த அஞ்சுக்கும் பெருக்கல் குறி. அங்க நிக்கிற காயை வெட்ட முடியாது. வெளிச்சுத்து 16, உள்சுத்து 8, நடுவுல பழம். ரெண்டு பிள்ளைங்களும் ஆடலாம்.

---

பெரம்பூர்_கணக்கு:

7 வயசுக்கு ஒத்துக்கொள்கிறேன், 4 வயசுக்கு இல்லை. காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

தாயக்கட்டை ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: 1, 2, 3, வெறுமை. இரண்டு கட்டை சேர்ந்து 16 விதமாக விழும். தாயம் என்பது ஒன்றில் 1, மற்றதில் வெறுமை. அதற்கு வழி இரண்டுதான். அதாவது எட்டில் ஒன்று. காயை இறக்கத் தாயம் விழுந்தாக வேண்டும் என்பது விதி. எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் உட்கார்ந்திருக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. பெரியவர்களுக்கு அது சுவாரஸ்யம். 4 வயசுக்கு அது தண்டனை, பலகை கவிழ்வது அங்கேதான்.

இன்னொன்று. 1, 5, 6, 12 (இரண்டு கட்டையும் வெறுமை) விழுந்தால் மறுபடி உருட்டலாம். பதினாறில் ஆறு முறை இப்படி நடக்கும். நான்கு பேர் ஆடினால் தன் முறை திரும்பி வருவதற்குள் பிள்ளை சராசரியாக ஐந்து உருட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறது. நடுவில் வெட்டும் வாக்குவாதமும் வேறு.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, எல்லாக் காயையும் முதலிலேயே பலகையில் இறக்கிவிட்டு ஆரம்பிப்பது. இரண்டு, கட்டைக்குப் பதில் நான்கு புளியங்கொட்டை. ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் உரசி வெள்ளையாக்குங்கள். எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அத்தனை, எல்லாம் கருப்பு என்றால் 8. ஒற்றை வெள்ளை விழ பதினாறில் நான்கு வழி, ஆகத் தாயம் நான்கில் ஒன்று. எட்டு முறை உருட்டியும் வராமல் போவது பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். உரசின கொட்டை சரிபாதியாக விழாது, ஆனால் வீட்டு ஆட்டத்துக்கு இந்த வித்தியாசம் பொருட்டில்லை. நான்கையும் ஒரே அளவாகப் பொறுக்குங்கள்.

7 வயசுப் பெண்ணிடம் ஒரு வேலை கொடுங்கள்: 50 உருட்டு, ஒவ்வொன்றையும் நோட்டில் கோடு போட்டுக் குறிக்கட்டும். 2-க்கு நிறையக் கோடு, 8-க்கு ஏறக்குறைய மூன்றுதான். ஏன் என்று அவளே கேட்பாள். பதில் உடனே சொல்லாதீர்கள்.

---

ராயபுரம்_பழம்:

சரி சார், தாயத்தை பொண்ணுக்கு மட்டும் வெச்சுக்கலாம். அப்படியே கேரமையும் சொல்லிடறேன். 2024-ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் அடிச்ச காசிமா நம்ம வடசென்னைப் பொண்ணு, அப்புறம் நம்ம ஏரியாவுல கேரம் இல்லாம பலகை விளையாட்டு லிஸ்ட் எப்படி? 7 வயசுக்கு பெரிய 29 இன்ச் போர்டுல கை எட்டாது, 20 இன்ச் போதும். கருப்பு 10, வெள்ளை 20, சிவப்பு 50-ன்னு கணக்கு எழுதற வேலையைப் பொண்ணுகிட்ட விடுங்க. போரிக் பவுடர் மட்டும் வேண்டாம், சின்னவன் கையை வாயில வெப்பான். காஞ்ச பருத்தித் துணியால அழுத்தித் துடைச்சாலே பிள்ளைங்க ஆடற வேகத்துக்கு காய் ஓடும்.

---

கொருக்குப்பேட்டை_மேகம்:

பலகையைக் கவிழ்க்கிற பிரச்சினைக்கு வர்றேன். 4 வயசுல தோல்வியைத் தாங்கற பக்குவம் வரலைன்னா அதட்டி வரவைக்க முடியாது. எல்லாரும் ஒரு கட்சி, எதிராளி பலகைன்னு இருக்கிற ஆட்டம் குடுங்க. ஜெர்மனியில் ஹாபா நிறுவனம் 1986-ல் கொண்டு வந்த பழத்தோட்ட ஆட்டம் இந்த வகையில் பேர் போனது: காக்கா வர்றதுக்குள்ள எல்லாரும் சேர்ந்து பழம் பறிச்சு முடிக்கணும். இறக்குமதிப் பெட்டி உங்க பட்ஜெட்டைத் தாண்டும். அதே கணக்கை நம்ம காசிமேடு மீன் துறைமுகத்துக்கு மாத்திச் செஞ்சுக்கலாம்.

தேவை: மீன் 16. சிவப்பு சங்கரா 4, வெள்ளை வவ்வால் 4, நீல மத்தி 4, மஞ்சள் பாறை 4. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டுங்க, தடிமனா இருக்கும். (சைவ வீடுன்னா மாம்பழம், கொய்யான்னு மாத்திக்குங்க.) ஒரு கூடை, சின்ன டப்பா எதுவும் சரி. பக்கத்துல 6 கட்டம், முதல் கட்டத்துக்கு வெளியே ஒரு மேகம், கடைசிக் கட்டம்தான் துறைமுகம். பகடையில் நாலு பக்கம் நாலு கலர், ஒரு பக்கம் கூடை, ஒரு பக்கம் மேகம்.

கலர் விழுந்தா அந்த மீன் ஒண்ணு கூடைக்கு. கூடை விழுந்தா இஷ்டப்பட்ட மீன் ஒண்ணு. மேகம் விழுந்தா மேகம் ஒரு கட்டம் நகரும். 16 மீனும் கரை சேர்றதுக்குள்ள மேகம் ஆறாவது கட்டத்துக்கு வந்துட்டா எல்லாருக்கும் தோல்வி. சராசரியா 24 உருட்டுல மேகம் 4 தடவை விழும், அதனால ஆறு கட்டம் வெச்சா பெரும்பாலும் ஜெயிக்கலாம், ஆனா நிச்சயம் கிடையாது. ரொம்ப சுலபமா இருந்தா கட்டத்தை அஞ்சாக்குங்க, தொடர்ந்து தோத்தா ஏழாக்குங்க. கட்டம் எத்தனைன்னு ஆட்டத்துக்கு முன்னாடியே முடிவாகணும். நடுவுல ஏத்தினா பிள்ளைக்குத் தெரிஞ்சிடும்.

இதுல ஒளிஞ்சிருக்கிற யோசனை கூடைப் பக்கத்துலதான். சிவப்பு நாலும் முடிஞ்ச பிறகு சிவப்பு விழுந்தா அந்த உருட்டு வீண். அதனால கூடை விழும்போது எந்தக் கலர் அதிகமா மிச்சம் இருக்கோ அதை எடுக்கணும். சின்னவன் தனக்குப் பிடிச்ச சிவப்பையே எடுப்பான், எடுக்கட்டும். அக்கா "நீலம் மூணு இருக்குடா"ன்னு எண்ணிக் காட்டுவா பாருங்க, 7 வயசுக்கான பாடம் அதுதான். ரெண்டு வயசும் ஒரே ஆட்டத்துல முடியுமான்னு கேட்டீங்களே, இந்த மாதிரி ஆட்டத்துல முடியும். ஒருத்தருக்கு எதிரா ஒருத்தர் ஆடற ஆட்டத்துல மூணு வருஷ வித்தியாசம் பெரிசு. அங்க சின்னவனையும் பாட்டியையும் ஒரே அணியாக்கிடுங்க.

ஒரு சின்ன விஷயம்: பகடை கட்டிலுக்கு அடியில போய்ப் போய் ஆட்டம் நின்னுடும். எவர்சில்வர் தாம்பாளத்துல ஒரு கைக்குட்டையை விரிச்சு அதுக்குள்ள உருட்டுங்க. சத்தமும் வராது, கீழ்வீட்டுக்காரங்களும்... நீங்களே கீழ்வீடா, சரி.

---

தண்டையார்பேட்டை_கீழ்வீடு:

எல்லாருக்கும் நன்றி. மீன் ஆட்டம் இந்த ஞாயித்துக்கிழமையே செய்யப் போறேன். தமிழ் எழுத்துக்கு யாரும் சொல்லலையே? கடையில் 247 எழுத்தும் இருக்கிற மரத்துண்டுப் பெட்டி பார்த்தேன்.

---

திருவொற்றியூர்_தேரடி:

247-ம் வேண்டாம். கொட்டி வைத்தால் தேடுவதற்கே நேரம் போய்விடும். அதில் பாதி எழுத்துகளைக் கொண்டு பிள்ளைகள் அறிந்த ஒரு சொல்லையும் ஆரம்பிக்க முடியாது.

சின்னவனுக்கு ஞாபக அட்டை. குறிலும் நெடிலும் ஜோடி: அ-ஆ, இ-ஈ, உ-ஊ, எ-ஏ, ஒ-ஓ. ஐந்து ஜோடி, பத்து அட்டை, கவிழ்த்து இரண்டு வரிசையாக. ஐ, ஔ இரண்டுக்கும் குறில் ஜோடி கிடையாது, விட்டுவிடுங்கள். திருப்பும்போது எழுத்தை வாய்விட்டுச் சொன்னால்தான் அட்டை செல்லும். 'அ' என்று வெட்டிச் சொல்ல வேண்டும், 'ஆ' என்று நீட்டிச் சொல்ல வேண்டும். முதல் வாரம் மூன்று ஜோடியே போதும்.

எங்கே கெடும் என்றால், அட்டையில் எழுத்துடன் அம்மா, ஆடு என்று படமும் போடுவார்கள். பிள்ளை ஆட்டைப் பார்க்கும், எழுத்தைப் பார்க்கவே பார்க்காது. படமே வேண்டாம். இரண்டாவது, மெல்லிய அட்டை. டியூப்லைட்டு வெளிச்சத்தில் பின்பக்கம் எழுத்து தெரியும், மார்க்கர் மையும் ஊறி வெளிவரும். 300 ஜி.எஸ்.எம். அட்டை வாங்கி, எழுத்தைத் தனித்தாளில் பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் ஒவ்வொரு அட்டையும் ஒரு விதமாக இருக்கும், நாலாம் நாள் ஓரம் கோணலான அட்டைதான் 'ஈ' என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவான். எல்லாவற்றையும் சேர்த்துக் கடை மெஷினில் வெட்டி வாங்குங்கள்.

பெரியவளுக்கு இரட்டைப் பகடை. ஒன்றில் க, ச, த, ந, ப, ம. இன்னொன்றில் அ, ஆ, இ, ஈ, உ, ஊ. இரண்டையும் உருட்டி, சேரும் எழுத்தைச் சொல்லி, அதில் தொடங்கும் ஒரு சொல்லையும் சொல்ல வேண்டும். ப-வும் ஊ-வும் விழுந்தால் பூ, பூனை. 6-க்கு 6 கட்டத்தில் அந்த இடத்தில் தன் காயை வைக்கலாம். வரிசையாக மூன்று வைத்தவர் வெற்றி. மெய்களை மாற்றிவிடாதீர்கள். இந்த ஆறும் சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள். பகடையில் ண, ள, ழ, ற, ன போட்டால் பிள்ளை விழிக்கும். தமிழ்ச் சொல் அந்த எழுத்துகளில் தொடங்குவதே இல்லை, தப்பு பிள்ளையுடையது அல்ல.

சொல்லும்போது தடுமாறாத பிள்ளை எழுதச் சொன்னால் உ, ஊ வரிசையில்தான் நிற்கும். ஆகாரத்துக்கு எல்லா எழுத்துக்கும் ஒரே துணைக்கால். உகரத்திலோ கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, பு ஒரு மாதிரி. அந்தப் பன்னிரண்டையும் ஒரு சிறு தாளில் எழுதிப் பலகை ஓரத்தில் வையுங்கள், பார்த்து எழுதட்டும்.

அடுத்த மாதம் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ பகடை. ஔ-வுக்குப் பதில் 'எதுவும்' என்று ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மௌனம், சௌகார்பேட்டை போன்ற ஒரு சில சொற்களோடு ஆட்டம் நின்றுவிடும்.

---

மின்ட்_பைண்டிங்:

அட்டை வளையறதுக்குக் காரணம் மழை பாதி, நீங்க ஒட்டின விதம் பாதி. பசையோட ஈரத்துல பேப்பர் விரியும், காயும்போது சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா அந்தப் பக்கமா அட்டையை இழுத்துடும். பின்னாடியும் அதே மாதிரி ஒரு பேப்பர் ஒட்டுங்க, இழுப்பு சமமாகிடும். 2 மில்லிமீட்டர் பைண்டிங் அட்டை கேளுங்க, ஆண்டர்சன் தெருவுல பேப்பர் கடை வரிசையா இருக்கு. ஃபெவிகாலை தண்ணி மாதிரி கரைக்காதீங்க, கரைச்சா ஈரம் கூடும். பழைய ஏ.டி.எம். கார்டு மாதிரி ஏதாவது ஒண்ணால மெல்லிசா இழுத்து, நடுவுலிருந்து ஓரத்துக்குத் துணியால தேய்ச்சு, ஒரு நாள் முழுக்க கனமான புஸ்தகத்துக்கு அடியில வைங்க. அவசரப்பட்டு ஃபேன்ல காயவெச்சா போச்சு. மைதா பசை வேண்டாம். கரப்பான் அரிக்கும், அரிக்காம இருக்க மயில்துத்தம் கலப்பாங்க, அது விஷம்.

மடிக்கிற பலகைன்னா ரெண்டு அட்டைக்கு நடுவுல 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு காலிக்கோ துணி (புஸ்தக பைண்டிங் துணி) ஒட்டணும். இடைவெளி இல்லாம ஒட்டினா மடிக்கும்போது துணி கிழியும்.

இங்க்ஜெட் பிரிண்ட் பசை பட்டா கரையும், லேசர் பிரிண்ட் எடுங்க. லேமினேஷன் மேட்டா இருக்கணும். பளபளப்பு போட்டா டியூப்லைட்டு கண்ணைக் கூசும், காயும் வழுக்கும்.

என்னைக் கேட்டா அட்டையே வேண்டாம், ஃப்ளெக்ஸ் அடிச்சிடுங்க. சுருட்டி பீரோ மேல வெச்சா இடமும் அடைக்காது, சாம்பார் கொட்டினா துடைச்சுக்கலாம். முதல் ரெண்டு மூணு நாள் மை வாடை இருக்கும், பால்கனியில தொங்கவிட்டு அப்புறம் பிள்ளைங்ககிட்ட குடுங்க. பிரிண்ட் வெளிப்பக்கமா வர்ற மாதிரி சுருட்டுங்க, விரிக்கும்போது ஓரம் தரையோட படியும்.

---

மூலக்கடை_நர்ஸ்:

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். காய்க்குக் குன்றிமணி போடாதீங்க. சிவப்பா, ஒரு முனையில் கருப்புப் பொட்டோட இருக்கிறது குன்றிமணி, உள்ளே கடும் விஷம், கடிச்சு முழுங்கினா உயிருக்கே ஆபத்து. முழுசும் சிவப்பா இருக்கிறது மஞ்சாடி. பார்க்கத் தெரியலைன்னா ரெண்டுமே வேண்டாம். ஆமணக்கு விதையும் அப்படித்தான். புளியங்கொட்டை, சோழி போதும். சோழி ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடையில் பலகறைன்னு கேட்டாலே எடுத்துத் தருவாங்க.

3 வயசுக்குக் கீழ குழந்தை யாராவது வீட்டுக்கு வர்ற நாள்ல, 3 சென்டிமீட்டருக்குச் சின்னதா இருக்கிற எந்தக் காயும் தரையில் இருக்கக் கூடாது. ஆட ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் எண்ணி டப்பாவில் போடற வேலையைச் சின்னவன்கிட்ட குடுங்க, அதுவும் எண்ணற ஆட்டம்தான். கடையில் வாங்கறதா இருந்தா ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்க, 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பட்டன் பேட்டரி போட்டதுன்னா, பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கான்னு பார்க்காம வாங்காதீங்க. பட்டன் பேட்டரி தொண்டையில் சிக்கினா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள புண்ணாக்கிடும்.

---

தண்டையார்பேட்டை_கீழ்வீடு:

பைண்டிங் அண்ணா, 3 அடிக்கு 2 அடி ஃப்ளெக்ஸ்ல மேல பத்துக் கட்டம், கீழ எழுத்துக் கட்டம், பக்கத்துல மீன், எல்லாம் ஒண்ணா அடிக்கலாமா?

---

மின்ட்_பைண்டிங்:

அடிக்கலாம்மா. சுத்தி ஓரம் 1 அங்குலம் விட்டா கையில 34-க்கு 22 அங்குலம். மேல 4 அங்குல உயரத்துல ஒரு பட்டை: புறப்படற இடம் 4, அப்புறம் 3 அங்குலக் கட்டம் பத்து. கீழ 18 அங்குலம் மிச்சம், எழுத்துக் கட்டம் 6-க்கு 6, ஒவ்வொண்ணும் 3 அங்குலம், சரியா உட்காரும். பக்கத்துல 16 அங்குலம் மீனுக்கு. மேகப் பாதை ஆறு கட்டம் இரண்டரை அங்குலமா போட்டா 15. ஃபைலைக் கடைக்குக் குடுக்கும்போது ஓரத்துல கம்பி வளையம் அடிக்க வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, பேனர்னு நினைச்சு அடிச்சிடுவாங்க, பிள்ளைங்க முட்டியில குத்தும்.

---

வியாசர்பாடி_பால்வாடி:

கூடவே ஒரு பழைய துண்டு எடுத்து வைங்க சிஸ்டர். எண் ஆட்டம் ஆடும்போது மீன் பக்கத்தை மூடிடணும், இல்லன்னா சின்னவன் கண்ணு அங்கதான் இருக்கும்.